ஒரு கல்யாணத்துக்காகக் காலி செய்த வீடு

காரைக்குடியில் அந்தக் காலத்தில் ஆளில்லாத வீடுகளுக்குப் பஞ்சமே கிடையாது. வீதிக்கு வீதி அரண்மனை மாதிரி நிற்கும். உள்ளே ஒரு காவல்காரர் இருந்தால் அதிகம். அதே ஊரில் ரயிலடியிலும் பஸ் ஸ்டாண்டிலும் பையன்கள் சாக்கை விரித்துப் படுத்துக் கிடந்தார்கள். இது அநியாயம் என்று முதலில் சத்தம் போட்டது நான்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையில் சொன்னவர் கடலை மண்டி வைத்திருந்த ராவுத்தர். நான் பக்கத்தில் நின்று பலமாகத் தலையாட்டினேன்.

நான் அப்போது பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். பையன்களுக்கு ஓர் இல்லம் ஆரம்பிப்பது என்று முடிவானபோது, கமிட்டியில் ஒரு பெண்ணும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று வக்கீல் யோசனை சொன்னார். ஆண்களுக்குச் சமமாக உட்கார்ந்து பேசக் கூசாத பெண் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. வாயாடி என்பதை மரியாதையாகச் சொன்னால் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

கமிட்டியில் நாலே பேர். தலைவர் ஒரு செட்டியார், இளமையை எல்லாம் மலாயாவில் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். செயலாளர் வக்கீல். அரிசி பருப்பு ராவுத்தர் பொறுப்பு. பையன்களின் சொறி சிரங்கு, குளியல், உடற்பயிற்சி என் பொறுப்பு. கூட்டம் என்பது செட்டியார் வீட்டிலிருந்து வரும் வெள்ளைப் பணியாரம் தீரும் வரை நடக்கும். தீர்ந்ததும் தீர்மானம் நிறைவேறிவிடும். கேலி செய்கிறேனே தவிர, நாலு பேரும் நல்லவர்கள்தான். நடந்ததை நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருப்பதற்கு அதுவே காரணம். ஒரு கெட்டவனாவது இருந்திருந்தால் அவனைத் திட்டித் தீர்த்திருப்பேன்.

வீடு கொடுத்தது செட்டியார். கொடுத்தார் என்றால் முழுசாக அவர் கொடுத்துவிட முடியாது. அந்த வீடுகள் ஒருத்தருக்குச் சொந்தமாக இருப்பதில்லை. நடுவில் வளவு என்கிற பெரிய முற்றம், சுற்றிலும் அறைகள். பங்காளி ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, அதற்கு ஒரு பூட்டு. பங்காளி பினாங்கில் இருப்பார், மெட்ராஸில் இருப்பார், வருஷக்கணக்கில் அறை பூட்டியே கிடக்கும். ஆனால் அவர் வீட்டில் கல்யாணம் என்றால் அந்த வளவில்தான் நடக்க வேண்டும். அது நடந்து முடிகிற வரை மொத்த வீடும் அவருடையது. எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் வீடு காத்துக்கொண்டிருக்கும்.

"பயக தாராளமா இருக்கட்டும்" என்றார் செட்டியார். "கல்யாணம் காச்சின்னு வந்தா மட்டும் ஒரு பதினஞ்சு நாளைக்கு வேற எங்குட்டாச்சும் வச்சுக்கிருவோம். முடிஞ்சதும் திரும்பிற வேண்டியதுதான்."

சரி என்றோம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்த ஊரே அப்படித்தான் வீட்டை விட்டுப் போவதும் வருவதுமாக இருந்தது.

இந்தக் காலத்தில் இப்படிப்பட்ட இல்லங்களுக்கு விளையாட்டு வீரர்களைத் தூதர் என்று நியமிக்கிறார்களாம். எங்களுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. ஆனால் எங்களுக்கும் ஒருவர் இருந்தார். கல்லல் பக்கத்து விவசாயக் குடும்பம். வாலிபால் ஆடியே ரயில்வேயில் வேலை வாங்கியவர். திருச்சியில் ரயில்வே காலனியில் குடியிருந்தார். அவர் எழும்பி அடித்தால் எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் பந்தைப் பார்க்க மாட்டார்கள், தலையைப் பொத்திக்கொள்வார்கள். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. கூப்பிட்டதும் வந்தார். லீவு கிடைக்கும்போதெல்லாம் ஆட்ட உடுப்போடு கடைத்தெருவில் எங்களோடு நடப்பார். அவர் முகத்துக்காகவே அரிசியும் துணியும் வந்து குவிந்தன. வக்கீலும் நானும் போய் நின்றால் தண்ணீர்கூடக் கேட்டால்தான் வரும்.

மேடையில் பேசத்தான் அவருக்கு வராது. அந்த வளவிலேயே நடந்த முதல் ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நின்றார். பக்கத்தில் இருந்த வக்கீல், "'என் வீடு உங்க வீடு, எப்ப வேணாலும் வாங்க'ன்னு சொல்லி முடிச்சுருங்க தம்பி, கைதட்டிருவாக" என்று காதோடு சொன்னார். அவரும் அப்படியே சொன்னார். வக்கீல் சொல்லிக் கொடுத்ததுதான், ஆனாலும் மனதாரச் சொன்னார். பலத்த கைதட்டல். மேடையில் பேசுகிற எல்லாரும் அப்படித்தானே ஏதாவது சொல்வார்கள்.

அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவன் 'கல்லல்'. பையன்கள் அவனைக் கூப்பிட்ட பெயர் அது. அவன் சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மனசு வரவில்லை. பதினாலோ பதினஞ்சோ வயது. செங்கல் சூளை வேலைக்கு ஊர் ஊராகப் போகிற குடும்பம். தாய் தகப்பன் இல்லை. "இங்கயே இரு, ரெண்டு நாள்ல வந்து கூட்டிக்கிர்றேன்" என்று மாமன் ஒருவர் கல்லல் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பையன் ஒரு மழைக்காலம் முழுக்க அங்கேயே இருந்தான். சரக்கு அனுப்பப் போன ராவுத்தர் அவனைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டபோதுகூட, மாமா வந்து தேடுவாக என்று மறுத்தானாம். வந்தால் எங்கே அனுப்ப வேண்டும் என்று ஸ்டேஷனில் சொல்லி வைத்த பிறகுதான் புறப்பட்டான். இத்தனையும் கமிட்டியில் எல்லாருக்கும் தெரியும்.

வந்த புதிதில் அவன் வாசல்படியைத் தாண்டவே மாட்டான். வளவை ஒட்டி ஒரு தூணடியில் பாயை விரித்தான். அது அவன் இடம். வேறு பையன் அங்கே உட்கார்ந்தால் ஒன்றும் சொல்ல மாட்டான், பக்கத்தில் போய் நின்றுகொண்டே இருப்பான். எதிர்ப் பொட்டலில் வலை கட்டிப் பையன்கள் வாலிபால் ஆடும்போதும் உள்ளே நின்றுதான் பார்ப்பான். நான் விசில் ஊதிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். என் அதட்டலுக்கு அசையாத பிள்ளையை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

வாலிபால் ஆட்டக்காரர்தான் அதற்கு வழி கண்டுபிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர், அந்தத் தேக்குக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"நீ போயி ஆடுடா. நான் இங்கயே நிக்கிறேன். கதவ ஒருத்தரும் சாத்தமாட்டாக."

பையன் அவரைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், இறங்கிப் போனான். ஒவ்வொரு பந்துக்கும் திரும்பிப் பார்த்தான். ஊருக்கே ஆட்டம் காட்டுகிற மனுஷன் அன்றைக்கு ஒரு பந்தைக்கூடத் தொடாமல் வெயிலில் கதவுக்கு முட்டுக் கொடுத்து நின்றார். அதற்குப் பிறகு பையன் தினமும் ஆடினான். நீளமான கை அவனுக்கு. "இவன நான் ரயில்வேக்குக் கொண்டு போயிருவேன் டீச்சர்" என்று அவர் சொன்னபோது பையன் காதில் விழாதது போலப் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வைகாசியில் பினாங்குப் பங்காளி மகளுக்குக் கல்யாணம் வைத்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. "பிள்ளைகளை அலைய விடுறோமே" என்று வருத்தப்பட்டார். கல்யாணம் முடிகிற வரை பையன்கள் எல்லாருக்கும் சாப்பாடு தன் வீட்டுப் பந்தியிலிருந்துதான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சாக்கோட்டைப் பாதையில் இருந்த கடலை மூட்டை அடுக்குகிற தன் கிட்டங்கியை ராவுத்தர் காலி செய்து கொடுத்தார். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பையன்களும் சேர்ந்துதான் அடித்தார்கள். கல்லல் தன் தூணைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தான்.

புறப்படுகிற காலையில் ஒரே கும்மாளம். புது இடம், கல்யாணச் சாப்பாடு, பள்ளிக்கூடமும் லீவு. நான் விசில் ஊதி வரிசையாக நிறுத்தினேன். கல்லல் மட்டும் என்னிடம் வந்தான்.

"டீச்சர், பாய எடுத்துக்கிறவா, இங்கயே வச்சுட்டு வரவா?"

"எடுத்துக்கடா. இங்க சாமான் வைக்கணும்ல" என்றேன்.

செட்டியார் அவன் தோளைத் தட்டி, "பதினஞ்சு நாள்தான்யா. முடிஞ்சதும் வந்து கூட்டிக்கிருவோம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். மாமனும் அன்பாகத்தான் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

கல்யாணத்தன்று அவன் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறான். பிறகு அங்கே சமையலுக்கு வந்தவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பந்தல், மேளம், வரிசையாகக் கார்கள். வளவில் சீர்ச் சாமான் பரப்பி வைத்திருந்தார்கள். எவர்சில்வர் அடுக்குகளும் பித்தளைத் தவலைகளும் அவன் தூணைச் சுற்றிலும் ஆள் உயரத்துக்கு நின்றன. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றானாம். யாரோ பாவம் பசிக்கிறது போலிருக்கிறது என்று இலை போட்டு உட்கார வைத்தார்கள். வயிறாரப் போட்டார்கள். எழுந்ததும், "சாப்பிட்டேல்ல, கிளம்புப்பா" என்றார்கள். விருந்து முடிந்த யாருக்கும் சொல்வதுதான்.

அன்று சாயங்காலம் கிட்டங்கியில் அவன் இல்லை.

நாங்கள் உடனே தேடவில்லை. "எங்க போயிறப் போறான், வந்துருவான்" என்றார் வக்கீல். செட்டியாரும் அதையே சொன்னார். எங்கள் ஊரில் அது வெறும் பேச்சு இல்லை. கப்பலேறிப் போனவர்கள் எத்தனையோ வருஷம் கழித்து வந்து, தங்கள் அறைப் பூட்டைத் திறந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். போனவர் வராமல் போவார் என்பது எங்கள் மண்டையில் ஏறவே இல்லை. எங்களுக்கு வீடு என்றால் விட்டுவிட்டுப் போனாலும் அங்கேயே இருப்பது. அவனுக்கு வீடு என்றால் காலை வெளியே வைத்ததும் போய்விடுவது. ராவுத்தர் மட்டும் மறுநாளே கல்லலுக்குப் போய் ஸ்டேஷனில் பார்த்துவிட்டு வந்தார். அங்கே அவன் வரவில்லை.

கல்யாணம் முடிந்தது. வீட்டைக் கழுவிவிட்டார்கள். சொன்னபடி சொன்ன நாளில் பையன்கள் பாயும் கையுமாகத் திரும்பினார்கள். தூணடி காலியாக இருந்தது. மற்றப் பையன்கள் அந்த இடத்தை விட்டுத் தள்ளியே படுத்தார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்கு ஒரு வாரம் கழித்து ஆட்டக்காரர் திருச்சியிலிருந்து வந்தார். எப்போதும் வாசலிலேயே பையன்கள் அவரைப் பிடித்துக்கொள்வார்கள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். நேரே தூணடிக்குப் போனார். காலி இடத்தைப் பார்த்ததும் அங்கேயே குந்திவிட்டார். செட்டியாரும் நானும் ஓடினோம்.

"எங்கிட்டதான் வந்திருக்கான் டீச்சர்" என்றார். "நான் டீமோட வடக்க மேட்சுக்குப் போயிட்டேன். வீட்ல அவ பிரசவத்துக்கு அவுக அம்மா வீட்டுக்குப் போயிருந்தா. எம்பேரச் சொல்லி விசாரிச்சு வந்திருக்கான், வீடு பூட்டிக் கெடந்திருக்கு. ரெண்டு மூணு நாளு வாசப்படியிலயே உக்காந்திருக்கான். நேத்து நான் வந்து எறங்குனதும் பக்கத்து வீட்டுக்காரரு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு, 'யாரோ ஒரு பய வந்து இது எங்க வீடு, எங்க வீடுன்னு சொல்லிக்கிட்டு ஒக்காந்திருந்தான்யா. வெரட்டிவிட்டேன்'னு. சிரிச்சுக்கிட்டே சொல்றாரு டீச்சர்."

அந்த நீளமான கைகளை வைத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஓர் ஆண்பிள்ளை அப்படிக் குரலெடுத்து அழுது நான் பார்த்ததில்லை. செட்டியாரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கல்யாணம் முடிஞ்சா திரும்ப வர்றதுதானப்பா எங்க வழக்கம். அதத்தான சொன்னேன், அதத்தான சொன்னேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் கோபக்காரி. யார்மேலாவது பாயலாம் என்று சுற்றிலும் பார்த்தேன். அழுகிற ரெண்டு பேரும், சுவரோரம் மிரண்டு நிற்கிற பையன்களும்தான் இருந்தார்கள்.

பிறகு எல்லாம் செய்தோம். போலீஸில் சொன்னோம். ராவுத்தர் தன் லாரிக்காரர்களிடம் எல்லாம் அடையாளம் சொல்லி அனுப்பினார். ஆட்டக்காரர் திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று ஒரு ஸ்டேஷன் விடாமல் பார்த்தார். செட்டியார் பங்காளிகள் யாருக்கும் பாத்தியதை இல்லாத ஓரிடத்தை இல்லத்தின் பெயருக்கே எழுதிக் கொடுத்தார். அங்கே கட்டடம் எழும்பியபோது, "இனிமே எந்தக் கல்யாணத்துக்கும் இத ஒழிச்சுக் குடுக்க வேண்டாம்" என்று என்னிடம் சொன்னார். நல்ல கட்டடம். காற்றும் வெளிச்சமும் வரும். அவனுக்குப் பிடித்திருக்கும்.

ஆட்டக்காரர் தொடர்ந்து வந்தார், ஆனால் மேடையேற மறுத்துவிட்டார். வற்புறுத்தினால் கும்பிட்டுவிட்டுக் கீழே நின்றுகொள்வார். வேறு ஊர்களில் இப்படி இல்லம் வைத்திருந்தவர்களும் அவரைக் கூப்பிட்டார்கள். எந்த ஊர் என்றாலும் சொந்தச் செலவில் போனார். பரோபகாரி, ஏழைப் பிள்ளைகள் மேல் என்ன பிரியம் என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். போன இடத்தில் எல்லாம் அவர் பையன்களின் வரிசையை முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தது எதற்கு என்று எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் பள்ளிப் பெண்களைப் போட்டிக்குத் திருச்சிக்குக் கூட்டிப் போனேன். அப்போதுதான் முதல்முறையாக அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, சின்னச் சமையல்கட்டு. அவர் இல்லை. அவர் மனைவி வரவேற்றாள். மூன்று பிள்ளைகள் சுவரோடு சுவராக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷ சர்வீஸுக்கு இன்னும் இந்த வீடுதானா என்று என் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"ரெண்டு தடவ பெரிய குவாட்டர்ஸ் குடுத்தாக டீச்சர். வேண்டாம்னுட்டாக. அவன் வந்தா இந்த வீட்டுக்குத்தான வருவான்றாக." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வீட்டப் பூட்டவும் கூடாது. நான் ஊருக்குப் போனா அவுக இருக்கணும், அவுக மேட்சுக்குப் போனா நான் இருக்கணும். என் கூடப் பெறந்த தம்பி கல்யாணத்துக்கு நான் மட்டும் பிள்ளைகளத் தூக்கிக்கிட்டுப் போயி நின்னேன். புருசன் எங்க, புருசன் எங்கன்னு ஒரே கேள்வி. நானும் அவுகளும் சேந்து போயி இன்னிக்கு வரைக்கும் ஒரு கல்யாணம் பாத்ததில்ல டீச்சர்."

பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"அந்தப் பையன் மேல எனக்குக் கோவம் இல்ல. எம்பிள்ளையப் பெத்துக்கிட்டு நான் அங்க படுத்திருந்தப்பதான அவன் இங்க வந்து உக்காந்திருக்கான், பாவம். ஆனா எத்தன வருசம்? இனிமே அவன் வரமாட்டான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர். நீங்க யாருக்கும் பயப்படாமப் பேசுவீகளாம். நீங்க சொன்னா அவுக கேப்பாக."

சொல்வதாகத் தலையாட்டினேன். சொல்லவும் வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் பார்க்கப் பார்க்க, இதற்காவது நான் வாயைத் திறந்தே ஆக வேண்டும் என்று தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் அவர் காய்கறிப் பையோடு வந்தார். காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல், "ஏதும் தெரிஞ்சுச்சா டீச்சர்?" என்றார். நான் சேதி சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"இல்ல" என்றேன். அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இருந்தாலும் அவன் இப்ப பெரிய ஆளாயிருப்பான். இருபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும்." அதோடு நின்றுவிட்டது. இனிமேல் அவன் வரமாட்டான் என்பதை நான் சொல்லவில்லை.

"ஆமா டீச்சர்" என்றார். "மீசையெல்லாம் மொளச்சிருக்கும். எதிர்ல வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. அவனுக்கு வீடு தெரியும்."

அவள் எழுந்து அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, காப்பி போட உள்ளே போனாள்.